செஞ்சோற்றுக் கடனை யார் கட்டியது?

கர்ண மோட்சம் ஆடுகிற ராத்திரியில் பொன்னுருவியிடம் விடைபெற்று, சல்லியன் தேரோட்ட, கர்ணன் பதினேழாம் நாள் போருக்குக் கிளம்பும்போது கூத்துக் களத்தில் பாட்டிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள். கரையாம்புத்தூர், பாகூர் பக்கமாகட்டும், எல்லை தாண்டிக் கடலூர், விழுப்புரமாகட்டும், இது பழகிய காட்சிதான். பிறகு படுகளம். மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் மேல் நின்று திரௌபதி கூந்தல் முடிவாள். அழுத அதே கூட்டம் இப்போது அம்மனைக் கும்பிடும்.

ஒரு சின்ன சந்தேகம் மக்களே... அந்தத் துரியோதனனை இத்தனை வருஷம் நிமிர்ந்து நிற்க வைத்தது யார்?

கர்ணனுக்காக அழுவதில் தப்பே இல்லை. சபை நடுவில் குலம் கேட்டு அவமானப்படுத்தியபோது அங்க நாட்டைக் கொடுத்துக் கை தூக்கிவிட்டவன் துரியோதனன் மட்டும்தான். (அர்ச்சுனனுக்கு எதிராக ஒரு வில்லாளி தேவைப்பட்டதும் காரணம், அது வேறு விஷயம்.) ஆனால் 'செஞ்சோற்றுக் கடன்' என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கழுவிவிடுகிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. 1964-ல் பந்துலுவின் 'கர்ணன்' வந்த பிறகு கேட்கவே வேண்டாம், சிவாஜி முகத்தைத் தாண்டி யோசிக்க யாருக்கும் மனசு வருவதில்லை!

சரி, கடன் என்றே வைத்துக்கொள்வோம். அங்க நாடு வரவு, உயிர் பற்று, கணக்கு நேர். அப்படியானால் திரௌபதியின் சேலையை யார் பேரில் எழுதுவது? வாங்கியவன் கர்ணன், கட்டியவள் பாஞ்சாலி. வியாச பாரதத்தில் துகிலை உருவச் சொல்லித் துச்சாதனனை ஏவுவதே கர்ணன்தான்.

பானுமதியோடு சொக்கட்டான் ஆடிய கதை வியாசரில் இல்லை, ஆனால் தமிழில் தெரியாதவர் கிடையாது. முத்துகள் சிதறிக் கிடக்கும்போது சந்தேகமே படாமல் அவற்றைப் பொறுக்க வருகிறான் நண்பன். அப்படி நம்பியவனிடம் 'இது வேண்டாம்டா' என்று சொல்லும் உரிமை இவனைத் தவிர வேறு யாருக்கு இருந்தது? அந்த உரிமையைச் சபையில் ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லையே!

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தில் பாங்க்வோவும் இப்படித்தான். கொலைகாரன் யார் என்று மனசுக்குள் சந்தேகம், வெளியே மரியாதை. தன் வம்சத்துக்கும் ஆட்சி வரும் என்ற ஆசை வாயைக் கட்டிவிட்டது. கடைசியில் அவனையும் ஆள் வைத்துக் கொன்றான் மேக்பெத்.

'அந்தச் சூழ்நிலையில் வேறென்ன செய்ய முடியும்?' என்பார்கள். விகர்ணன் செய்தானே! துரியோதனனின் சொந்தத் தம்பி. பீஷ்மரும் துரோணரும் பேசாமல் உட்கார்ந்திருந்த சபையில் எழுந்து இது அநியாயம் என்றான். அவனைச் சின்னப் பையன் என்று அடக்கியது யார் தெரியுமா? சாட்சாத் கர்ணன். அந்த விகர்ணன் கட்சி மாறவில்லை. பதினான்காம் நாள் அண்ணன் பக்கம் நின்றே செத்தான். கொன்ற பீமனே அவனுக்காக வருந்தினான். சோற்றுக் கடனும் தீர்ந்தது, சபையில் வாயும் திறந்தது.

விகர்ணனுக்காக ஒரு ராத்திரி முழுக்கக் கூத்து ஆடுகிற ஊர் தெரிந்தால் சொல்லுங்கள்.