கரடியைப் பிடித்துத்தான் படிக்க வேண்டுமா?

பிளவக்கல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகள்தான். அணைக்கு மேலே காடு. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அது. பெயரில் புலி இருந்தாலும் கரடிக்கும் அதுதான் வீடு.

கரடி எவ்வளவு தூரம் அலைகிறது, பகலில் எங்கே படுக்கிறது? இதை அறிய அதைப் பிடித்து, மயக்கி, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிவிடுவது வழக்கம். 1990-களில் நேபாளத்தின் சித்வனிலும், மத்தியப் பிரதேசத்தின் பன்னாவிலும் இதே கரடி இனத்துக்குக் காலர் மாட்டித்தான் பல விவரங்கள் தெரிந்தன. பயனே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கரடிக்கு என்ன ஆகிறது?

காலில் சுருக்கு விழுந்தால் இழுத்து இழுத்துத் தசை கிழியும். கூண்டுக் கம்பியைக் கடித்தால் பல் உடையும். மயக்க மருந்து உடல் சூட்டையும் மூச்சையும் பாதிக்கலாம். எழுந்து நடந்து போய்விட்டால் நலம் என்று அர்த்தமா? இல்லை! கனடாவிலும் அமெரிக்காவிலும் பிடிபட்ட கரடிகளைப் பற்றி 2008-ல் வந்த ஆய்வு, பல கரடிகளுக்குத் தசைக் காயம் இருந்ததை ரத்தப் பரிசோதனையில் கண்டது. கனடாக் கரடிகளின் நடமாட்டம் பழைய நிலைக்குத் திரும்ப 3 முதல் 6 வாரம் ஆனதாம். இங்குள்ள கரடியோ கறையான் புற்றைத் தோண்டிப் பிழைப்பது. முன்னங்கால் போனால் சாப்பாடும் போச்சு.

ஆராய்ச்சிக்காக இல்லாமல், காப்பாற்றப் போனாலும் ஆபத்துதான். 2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் வெள்ளநாட்டில் கிணற்றில் விழுந்த கரடிக்கு மயக்க ஊசி போட்டார்கள். மயங்கிய கரடி தண்ணீரில் மூழ்கிச் செத்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. முன்யோசனைதான் போதவில்லை.

கரடி வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் தொட முடியாது. ஆனால் அனுமதிக் காகிதம் காயத்தைத் தடுக்காது. தானியங்கிக் கேமரா, எச்சம், முள்கம்பியில் சிக்கும் முடி, இவற்றிலேயே எத்தனையோ கேள்விகளுக்கு விடை கிடைக்கும். முடியிலிருந்து மரபணுவே எடுக்கலாம். இவற்றால் முடியாத கேள்விக்கு மட்டும் கரடியைப் பிடிக்கட்டும். அப்போதும் கால்நடை மருத்துவர் உடன் இருக்க வேண்டும். விட்ட பிறகும் வாரக்கணக்கில் கவனித்து, பட்ட காயங்களையும் ஆய்வறிக்கையில் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

கரடியைக் காப்பாற்றத்தானே ஆராய்ச்சி? அந்த ஆராய்ச்சியே அதை நொண்டியாக்கினால் யாருக்கு லாபம்?