பாட்டனின் பிறப்புச் சான்றிதழ்

பிரிட்டனின் குடிவரவு விதிகளில் ‘வம்சாவளி விசா’ என்றொரு வகை உண்டு. காமன்வெல்த் நாடொன்றின் குடிமகனாக இருக்கவேண்டும். பதினேழு வயது நிரம்பியிருக்கவேண்டும். தாத்தா பாட்டிகளில் ஒருவராவது பிரிட்டனில் பிறந்திருக்கவேண்டும். அங்கே வேலை செய்யும் எண்ணம் வேண்டும். இவை அமைந்தால் ஐந்தாண்டு அனுமதி, அதன்பின் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி. நான் பேச விரும்புவது இதன் இன்னொரு அம்சத்தைப் பற்றி. இவ்விசா பெற்றவர் தன் துணையையும் பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம். ஆண்டுக்கு இத்தனை பவுண்டு சம்பாதித்தாகவேண்டும் என்ற வரம்பு கிடையாது. அரசின் நிதியுதவியை நாடாமல் குடும்பத்தைப் போதிய அளவில் பராமரிக்க முடியும், தங்க இடமுண்டு என்று காட்டினால் போதும். நுழையும்போது துணைக்கு ஆங்கிலத் தேர்வும் இல்லை. அவர் வேலைக்கும் போகலாம்.

இதைப் பற்றிய விவாதங்களில் இரண்டு தரப்புகள் எப்போதும் எழுகின்றன. ரத்த உறவுக்கு ஒரு நாடு சலுகை தருவது இயல்பு, இதில் பிழை காண எதுவுமில்லை என்பது ஒன்று. இது நிறவெறியின் மிச்சம், ஒழிக்கப்படவேண்டியது என்பது மற்றது. இரண்டும் அரைகுறையானவை என்பது என் தரப்பு. இந்த விசா குடும்பத்தை நடத்தும் விதம் சரியானது. அந்த நியாயம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்பவனோடு நின்றுவிடுவதுதான் அநியாயம்.

முதலில் வரலாறு. ‘பாட்டன் பிறந்த இடம்’ என்ற அளவுகோல் அன்பினால் உருவானதல்ல. 1960களின் இறுதியில் கென்யாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் பலரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே இருந்தது. அங்கே வாழ்வு நெருக்கடிக்குள்ளானபோது அவர்கள் பிரிட்டனை நோக்கிப் புறப்பட்டார்கள். 1968ல் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் காலஹன் கொண்டுவந்த சட்டம் மூன்றே நாட்களில் நாடாளுமன்றத்தைக் கடந்தது. பாஸ்போர்ட் மட்டும் போதாது. நீயோ உன் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்தோ, அங்கே குடியுரிமை பெற்றோ இருக்கவேண்டும் என்றது அது. சட்டத்தின் வரிகளில் நிறம் என்ற சொல் இல்லை; தேவைப்படவும் இல்லை. கென்யாவின் வெள்ளைக் குடியேறிக்கு அப்படியொரு பாட்டன் இருப்பான், குஜராத்திக் கடைக்காரருக்கு இருக்கமாட்டான் என்பது சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியும். 1973ல் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் இதை இனப் பாகுபாடு என்றும், மனிதர்களை இழிவுபடுத்தும் நடத்தை என்றும் மதிப்பிட்டது.

அதே அளவுகோல் அடுத்து சலுகையாக உருமாறியது. 1971ன் குடிவரவுச் சட்டமும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரிட்டனின் உறுப்புரிமையும் ஒரே நாளில், 1973 ஜனவரி 1ல், நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பியன் உள்ளே வரலாம், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கனடாவிலும் வாழும் நம் சொந்தம் வரக்கூடாதா என்று ஆளும் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1972 நவம்பரில் அரசின் குடிவரவு விதிகள் கீழவையில் தோற்றன. திருத்தப்பட்ட விதிகளில் பாட்டன் வழி வருபவர்களுக்குத் தனி வாசல் திறந்தது. நாம் இன்று பேசும் விசாவின் வேர் அது.

இப்போது அதே நாட்டில் மற்றவர்களின் குடும்பங்களைப் பார்ப்போம். பிரிட்டனிலேயே பிறந்த குடிமகன் வெளிநாட்டு மனைவியை அழைத்துவர 2012 முதல் ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் அது 29,000 ஆனது. மனைவிக்கு அடிப்படை ஆங்கிலத் தேர்வும் உண்டு. வருமான வரம்பு சட்டப்படி செல்லும் என்ற உச்ச நீதிமன்றம்கூட, குழந்தைகளின் நலன் உரிய வகையில் கணக்கில் கொள்ளப்படவில்லை என்று 2017ல் கண்டித்தது. 2024 ஜனவரி முதல் பெரும்பாலான வெளிநாட்டு மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. அந்த ஆண்டு மார்ச் 11 முதல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கும் அந்த உரிமை இல்லை. இங்கிலாந்தின் முதியவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டப் போன பெண், தன் குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுப் போகவேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் அகதிகளின் குடும்ப இணைப்புக்கான புதிய விண்ணப்பங்களும் நிறுத்திவைக்கப்பட்டன.

இவற்றுக்கெல்லாம் சொல்லப்படும் காரணம் என்ன? பொதுப்பணத்துக்குச் சுமை, மொழி தெரியாதவர்கள் சமூகத்தில் கலக்கமாட்டார்கள், எண்ணிக்கை தாங்காது. முதல் இரண்டு காரணங்களும் உண்மையென்றால் அவை வம்சாவளி விசாவில் வரும் குடும்பத்துக்கும் பொருந்தவேண்டும். பாட்டன் எடின்பரோவில் பிறந்தான் என்பதனால் பேரனின் மனைவிக்கு ஆங்கிலம் வந்துவிடாது, அவன் குழந்தைக்குப் பள்ளியில் இடம் தானாக முளைக்காது. எண்ணிக்கை குறைவு என்று மூன்றாவது காரணத்தின் துணையோடு பதில் சொல்லலாம். ஆனால் எண்ணிக்கை குறைவாக இருப்பதே பாட்டன் என்ற வடிகட்டியினால்தானே? சுமை என்பதற்கும் அரசின் கையில் ஏற்கெனவே விடை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட கணக்கில் சுகாதாரக் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, சிறுவருக்கு 776. கணவன், மனைவி, இரு குழந்தைகள் ஐந்தாண்டுக்கு வரவேண்டுமென்றால், விசாக் கட்டணம் நீங்கலாக, 18,110 பவுண்டை முன்கூட்டியே கட்டவேண்டும். வம்சாவளிக் குடும்பமும் இதைக் கட்டித்தான் வருகிறது. கட்டணமும் போதிய பராமரிப்பும் அவர்களுக்குப் போதுமான காப்பு என்றால் பிறருக்கு ஏன் போதாது?

ரத்த பந்தம் இயல்பானது என்ற வாதத்துக்கு வருகிறேன். தமிழர்கள் இதைச் சொல்லும்போது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பாட்டனின் பிறப்புச் சான்றை ஓர் அரசு கேட்டால் என்ன நடக்கும் என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1948ன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத்தில் பிறந்தவனிடம் தந்தை இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்த கூலிக்காரனின் பிறப்பை யார் பதிந்து வைத்தார்கள்? லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964ன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது. அந்தப் பங்கீட்டில் ஒரே குடும்பத்தவர் கடலின் இரு கரைகளுக்கும் போனார்கள். இங்கே வெளியேற்றிய பாட்டன் அங்கே வரவேற்கிறான் என்பதற்காக அவனை ‘இயல்பு’ என்று சொல்ல என்னால் முடியாது.

விதி இன்று நிறம் பார்ப்பதில்லையே என்றும் ஒரு பதில் வரும். உண்மைதான். யாழ்ப்பாணப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த ஒருவரின் பேரன் டொராண்டோவிலிருந்து நாளை இதே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பேரனுக்குக் கிடைக்கும் குடும்ப உரிமை, வெலிங்டனில் வாழும் ஸ்காட்லாந்துக்காரரின் பேரனுக்குக் கிடைப்பதைப்போலவே, அவன் ஈட்டியதல்ல. பாட்டன் எந்த மருத்துவமனையில் பிறந்தான் என்ற தற்செயல், ஒரு குழந்தை தந்தையோடு வளரலாமா என்பதைத் தீர்மானிக்கக்கூடாது.

அப்படியானால் ஒழித்துவிடலாமே என்கிறது இரண்டாம் தரப்பு. 2008ல் பிரிட்டிஷ் அரசே இவ்வழி இனியும் தேவையா என்று கேட்டு, எதிர்ப்பு எழுந்தபின் விட்டுவிட்டது. ஒழிப்பதனால் பராமரிப்புப் பணிப்பெண்ணின் குழந்தை லண்டனுக்கு வந்துவிடாது. சமத்துவத்தின் பெயரால் பறிப்பது அங்கே புதிதுமல்ல. குடியேறிய ஆண்கள் மனைவியை அழைத்துவருவது எளிதாகவும், பெண்கள் கணவனை அழைத்துவருவது கடினமாகவும் இருந்த விதிகளை எதிர்த்து மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் போனார்கள். 1985ல் அது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பானது. அரசு என்ன செய்தது? பெண்களுக்கான தடையை நீக்காமல் ஆண்களுக்கும் அதை நீட்டித்தது. இப்போது சமம்தானே என்றது. வம்சாவளி விசாவை ஒழிக்கக் கோருபவர்கள் கேட்பது இந்தச் சமத்துவத்தைத்தான்.

ஆகவே கோரிக்கை எதிர்த்திசையில் இருக்கவேண்டும். துணையும் குழந்தைகளும் உடன் வரலாம். நிலையான வருமான வரம்பு இல்லை. போதிய பராமரிப்புக்குச் சான்று போதும். துணை வேலை செய்யலாம். இந்த ஏற்பாடு அரைநூற்றாண்டாக நடந்துவருகிறது, பிரிட்டன் அதனால் மூழ்கிவிடவில்லை. சட்டபூர்வமாக நெடுநாள் தங்கி உழைக்க அனுமதிக்கப்படும் எவருக்கும், அடைக்கலம் தரப்பட்ட எவருக்கும், சொந்தக் குடிமகனுக்கும் இதே விதி பொருந்தட்டும். குடும்பத்தைப் பிரிக்காமல் குடிவரவை நடத்த ஓர் அரசுக்குத் தெரியும் என்பதற்கு வம்சாவளி விசாவே அத்தாட்சி. தெரிந்தும் மற்றவர்களுக்கு மறுப்பதை இனி நிர்வாகத் தேவை என்று அழைக்கவேண்டாம்.