மதுரையில எங்க சாப்பிடலாம்?

மதுரைக்கு வர்ற மக்களே, "எந்த ஹோட்டல் பெஸ்ட்?"னு கேக்காதீங்க. எந்த ஏரியா, எந்த நேரம்னு கேளுங்க, அதான் மேட்டர்.

மதியம்னா வைகைக்கு வடக்க தல்லாகுளம். அம்மா மெஸ், குமார் மெஸ் ரெண்டும் அங்கனதான். அயிரைமீன் குழம்பு இருக்கான்னு கேட்டுட்டு உக்காருங்க.

ராத்திரிக்கு ஆத்தைத் தாண்டி தெக்க வந்தா சிம்மக்கல், கோனார் கடை. கறிதோசைன்னா மசால்தோசை மாதிரி உள்ள வச்சு மடிக்கிறதில்லைங்க. கல்லுல தோசை, மேல முட்டை, அதுக்கும் மேல கொத்துக்கறி, அப்படியே திருப்பிப் போடுவாங்க. ஒண்ணே போதும், வீரம் காட்டி ரெண்டு சொல்லி மாட்டிக்காதீங்க :-)

ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண். பால், பாதாம் பிசின், நன்னாரி, ஐஸ்கிரீம்னு ஒரு டம்ளர் போனாலே பசி செத்துரும், அதனால கடைசியாத்தான். வெளியூர்ல போர்டைப் பாத்துக் குடிச்சதை வச்சு இதை எடை போட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

கோயிலா? நடை சாத்துறதுக்கு முன்னாடி பாத்துருங்க.