மெசின் நின்றால் கோபிக்காதீர்கள்



ஒரு குளிர்கால இரவு வேலை. பத்து நிமிட ஓய்வில் நாங்கள் ஐந்தாறு பேர் தொழிற்சாலைக் கோப்பி மெசினுக்கு முன்னால் நின்றோம். காசைப் போட்டோம், கோப்பி வரவில்லை. 'ஃபுவோரி செர்வீத்சியோ' என்று எழுத்து வந்தது. சேவையில் இல்லை என்று அர்த்தம். ஒருவர் தட்டினார், இன்னொருவர் உதைத்தார். வயர் வேலை தெரிந்த தம்பி ஒருவர், சரியாகப் பூட்டாமல் கிடந்த கதவைத் திறந்தார். கதவுச் சுவிச்சுக்குள் மடித்த காட்போட் துண்டைச் செருகினார். கழிவு வாளியில் எழுந்து நின்ற மிதவையைக் கையால் அழுத்திப் பிடித்தார். மெசின் உயிர்த்தது. நாங்கள் பொத்தானை அழுத்தினோம். கழன்றிருந்த குழாயிலிருந்து கொதிநீர் சீறி அவருடைய கையில் பாய்ந்தது. மூன்று கிழமை அவருக்கு வேலையில்லை.

மறுநாள் திருத்த வந்த இத்தாலியர் எங்களைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். "குழாய் கழன்று தண்ணீர் வாளியில் நிறைந்தது. மிதவை அதைக் கண்டு நிறுத்தியது. மெசின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது" என்றார். எங்களுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட் மின்சாரமும், தண்ணீரும், 90 பாகைக்குக் கிட்டிய சூடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே காவலும் பல. சூட்டை அளவோடு வைப்பது தேர்மோஸ்டாற். அது பழுதாகிச் சூடு ஏறினால் இரண்டாவது காவல் மின்சாரத்தை வெட்டும். ஆள் வந்து காரணம் பார்த்து அழுத்தும்வரை திரும்ப விடாது. அழுத்தம் மிஞ்சினால் வால்வு திறக்கும். எங்கள் வீட்டு மொக்காவின் பக்கத்தில் இருக்கும் சின்னக் குமிழும் அதே வேலைக்குத்தான். கதவைத் திறந்தால் சுவிச் நிறுத்தும். மின்சாரம் உடம்புத் தகட்டில் கசிந்தால் மஞ்சள்-பச்சை எர்த் வயர் அதை மண்ணுக்குக் கொண்டுபோகும். 'சால்வவீத்தா' உடனே வெட்டும்.

சால்வவீத்தா என்றால் உயிர்காப்பான். ஊரில் ட்ரிப் சுவிச் என்போமே, அதுதான். வீடுகளில் இருப்பது 30 மில்லி அம்பியர் கசிந்தாலே கண்ணிமைப்பதற்குள் வெட்டிவிடும்.

இதை ஏன் எழுதுகிறோம்? பல்லரோவில் புதிதாக வந்த குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் போனோம். பழைய கட்டடம், ஈரச் சுவர். மழை நாட்களில் சால்வவீத்தா விழுகிறதென்று, அதை விட்டுவிட்டு நேரே வயர் கொடுத்திருந்தார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள் குளிக்கும் தண்ணீரைச் சுடவைக்கும் 'ஸ்கால்தபாஞ்ஞோ'வும் அந்த வயரில்தான். ஜாம் போத்தல் விளக்கில் வளர்ந்த எங்களுக்கு மின்சாரம் நின்றால் எரிச்சல் வரும். ஆனால் எங்கள் தம்பி செருகிய காட்போட்டுக்கும் இந்த வயருக்கும் என்ன வித்தியாசம்?

சால்வவீத்தா விழுந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். அதை மேலே தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகக் கொழுவிப் பாருங்கள். எதைக் கொழுவும்போது விழுகிறதோ, பழுது அதில். எல்லாம் கழற்றியும் விழுந்தால் பழுது வயரிங்கில். வீட்டுக்காரரிடம் சொல்லி எலெத்திரிச்சிஸ்தாவை அழையுங்கள். முன்பு 1990ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சொன்னதுபோலவே, பின்னர் 2008இல் வந்த 37ஆம் இலக்க ஆணையும், மின்சார வேலை செய்பவர் 'திக்கியாரத்சியோனே தி கொன்போர்மித்தா' என்ற பத்திரம் தரவேண்டும் என்கிறது. கேட்டு வாங்குங்கள். சால்வவீத்தாவில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் நிற்காவிட்டால் காவல் இல்லை என்று அர்த்தம்.

அந்த வீட்டு வயரை இப்போது மாற்றியாயிற்று. எலெத்திரிச்சிஸ்தாவைக் கூட்டிப்போனவர் எங்கள் தம்பிதான். கைத் தழும்பைக் காட்டித்தான் அவர்களுக்கு விளங்கப்படுத்தினார்.