ஜிப்சம் மலைக்கு அடியில் குடிநீர்

2016 ஆகஸ்ட் கடைசியில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மொசைக் நிறுவனத்தின் நியூ வேல்ஸ் உர ஆலையில் ஒரு குளம் மளமளவென்று வற்றியது. ஜிப்சம் கழிவு மலையின் உச்சியில் இருந்த குளம் அது. கரை எங்கும் உடையவில்லை. அடியில் சுமார் 45 அடி அகலத்துக்கு நிலம் உள்வாங்கியிருந்தது. அமிலமும் லேசான கதிரியக்கமும் கொண்ட 21.5 கோடி கேலன் கழிவுநீர், அதாவது 80 கோடி லிட்டருக்கும் மேல், அந்தக் குழிக்குள் இறங்கிவிட்டது. அரசுக்கு உடனே தகவல் போனது. கிணற்று நீரைக் குடிக்கும் அக்கம்பக்கத்தாருக்கு அது தெரியவர சுமார் மூன்று வாரம் ஆயிற்று.

உர ஆலைக்குள் கதிரியக்கம் எப்படி வந்தது? பாஸ்பேட் பாறையில் யுரேனியமும், அது சிதைந்து உண்டாகும் ரேடியமும் இயற்கையாகவே இருக்கின்றன. பாறையைப் பொடித்துக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால் உரத்துக்கான பாஸ்பாரிக் அமிலம் கிடைக்கும். ரேடியத்தின் பெரும்பகுதி எஞ்சும் ஜிப்சத்தில் தங்கிவிடும். ஒரு டன் அமிலத்துக்குச் சுமார் ஐந்து டன் ஜிப்சம் மிஞ்சுகிறது. ஃபுளோரிடாவில் மட்டும் சுமார் 100 கோடி டன் குவிந்து கிடக்கிறது. ரேடியம் 226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் பிடிக்கும். உடலுக்குள் போனால் கால்சியத்தைப் போல எலும்பில் சேரும்.

இந்த மலைகள் நிற்பதோ சுண்ணாம்புப் பாறையின் மேல்.

சாதாரண மழைநீரே மெல்லக் கரைக்கும் பாறை அது. அதற்குள்தான் சுமார் ஒரு கோடிப் பேருக்குக் குடிநீர் தரும் நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. 1994இலேயே இதே நியூ வேல்ஸில் ஒரு பெருங்குழி விழுந்தது. அப்போதே கிடைத்த எச்சரிக்கை அது.

குழிக்குள் இறங்கிய கழிவுநீரை ஆழ்குழாய்க் கிணறு வழியே மேலே இறைத்து எடுக்கிறோம், ஆலைக்கு வெளியே மாசு பரவவில்லை என்றது மொசைக் நிறுவனம். செலவழிக்க வசதியுள்ள நிறுவனம் இருந்ததால் அந்த வேலை நடந்தது. ஆனால் அதே மாநிலத்தின் பைனி பாயின்ட்டில் உர ஆலை உரிமையாளர் 2001இல் திவாலாகி, கழிவு மலை அரசின் தலையில் விழுந்தது. 2021இல் அங்கே கசிவு ஏற்பட்டபோது 300க்கும் மேற்பட்ட வீடுகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். கோடிக்கணக்கான கேலன் கழிவுநீர் டாம்பா விரிகுடாவில் திறந்துவிடப்பட்டது. துப்புரவுக்கு 10 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டது.

லாபம் சில பத்தாண்டுகளில் முடிந்துவிடுகிறது, ரேடியம் முடிவதில்லை. எனவே பராமரிப்புச் செலவு முழுவதையும் ஆலை ஓடும்போதே வைப்புத்தொகையாக வாங்கிவிட வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளைச் சுயேச்சையான ஆய்வகம் சோதித்து, முடிவை அந்தந்த வீட்டாரிடமே தர வேண்டும். பள்ளம் விழும் சுண்ணாம்பு நிலத்தில் இனி ஒரு ஜிப்சம் மலைக்கும் அனுமதி தரக் கூடாது.