கூத்துக்கு மண்டபமா, மண்டபத்துக்குக் கூத்தா?

காலுக்கேற்ற செருப்பைத் தேடுவது உலக வழக்கம். செருப்புக்கேற்பக் காலைத் தறிப்பது பேதைமை. அந்தப் பேதைமையே இன்று வடக்கிலும் கிழக்கிலும் பண்பாட்டுத் தொண்டு என்னும் பெயரால் பொதுப்பணத்தில் நடைபெறுகின்றது.

மண்டபம் கட்டாத அரசியல்வாதி உண்டா? அத்திவாரக் கல்லில் பெயர் பொறிக்க விரும்பாத தலைவர் உண்டா? எல்லா மண்டபங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கின்றன. ஒரு கோடியிலே உயர்ந்த மேடை. அதற்கு முன்னே தொங்கும் திரை. எதிரே நேர்வரிசையாகக் கதிரைகள். முதல் வரிசையிலே வெள்ளைத் துணி போர்த்த பெருங்கதிரைகள். சொற்பொழிவுக்கும் பரிசளிப்புக்கும் இது பொருந்தும். கூத்துக்குப் பொருந்துமா என்று எவரேனும் ஓர் அண்ணாவியாரிடம் கேட்டதுண்டா?

மட்டக்களப்பிலே வடமோடிக்கும் தென்மோடிக்கும் உரிய களம் வட்டக்களரி. மண்ணைச் சற்றே உயர்த்தி, வட்டமாய் அமைத்து, சுற்றிலும் கால் நாட்டி, மேலே துணி கட்டிவிட்டால் களரி ஆயத்தம். நடுவிலே அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். அவர்களைச் சுற்றி ஆட்டம் சுழலும். ஆட்டத்தைச் சுற்றி ஊர் அமர்ந்திருக்கும். கட்டியகாரன் வரவு தொடங்கி விடியும்வரை ஆட்டம் நிகழும். வட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அரச வேடத்துக்கு ஒப்பனை உண்டு; பார்க்க வந்தவர்களுள் அரசன் என்று ஒருவன் இல்லை. வயலில் நின்று வந்தவனும் கந்தோரில் இருந்து வந்தவனும் ஒரே தூரத்தில் அமர்ந்து பார்த்த சபை அது.

இந்தக் கூத்தைப் படச்சட்ட மேடையில் ஏற்றினால் நிகழ்வது என்ன? சுழன்று ஆடவேண்டியவன் குறுக்கும் நெடுக்கும் ஆடுகின்றான். நடுவில் நின்று ஆட்டத்தை நடத்திய அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்கு ஒதுக்கப்படுகின்றார். நாற்புறமும் முகங்களைக் கண்டு ஆடியவன், இருளை நோக்கி ஆடுகின்றான். இரவு முழுதும் ஆடியது போட்டி விதியின் மணிக்கூட்டுக்குள் அடங்குகின்றது. எஞ்சுவது உடுப்பும் மத்தளச் சத்தமுமே!

படச்சட்ட மேடை எங்கிருந்து வந்தது என்பதையும் அறிதல் வேண்டும். கிரேக்கர் மலைச்சரிவிலே படிவரிசைகள் அமைத்து, அடிவாரத்தில் வட்டமான ஆடுகளம் வகுத்தனர். எப்பிடோரசிலே அந்த வட்டத்தை இன்றும் காணலாம். சேக்சுப்பியரின் நாடகங்கள் நடைபெற்ற குளோப் அரங்கு 1599இல் கட்டப்பட்டது. அங்கே மேடை முற்றத்தின் நடுவரை நீண்டிருந்தது. மக்கள் அதன் மூன்று புறமும் நின்று பார்த்தனர். படச்சட்ட மேடை வளர்ந்தது இத்தாலியப் பிரபுக்களின் அரண்மனைகளிலே. பார்மா நகரத்துப் பார்னேசே அரங்கு 1618இல் எழுந்தது. அத்தகைய அரங்குகளிலே தொலைதூரத் தோற்றம் காட்டும் திரைகளை எழுதிய ஓவியர், காட்சி பிரபுவின் ஆசனத்திலிருந்து நேராகத் தெரியும்படியே கணக்கிட்டனர். மற்ற ஆசனங்களுக்கு அது கோணலாய்த் தெரிந்தாற் கேட்பாரில்லை. நமது மண்டபங்களின் முதல் வரிசைப் பெருங்கதிரைக்கும் அந்தப் பிரபுவின் ஆசனத்துக்கும் உறவு இல்லையென்று யார் சொல்வார்?

“மேடையும் திரையும் தமிழனுக்குப் புதியனவல்லவே, சிலப்பதிகாரத்தில் இல்லையா?” என்று புலவர் சிலர் வினவலாம். உண்டு. மறுக்கவில்லை. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாய் அரங்கு அமைத்ததையும், மூவகை எழினிகளையும் அரங்கேற்று காதை விரித்துரைக்கின்றது. ஆயின் அது எதற்காக அமைந்த அரங்கு? மாதவி என்னும் ஆடல்மகள் அரசன் முன் ஆடுவதற்காக. அந்த ஆடலுக்கு அந்த அளவு வகுத்தார்கள். அதுவே நமது வாதம்! ஆடலை அறிந்து அரங்கை அளந்தவர்கள் நம் முன்னோர். அரங்கை முதலில் கட்டிவிட்டு ஆடலை அதற்குள் திணிப்பவர்கள் நாம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தாரே என்பது அடுத்த தடை. 1956இல் எதிரிவீர சரச்சந்திரரின் மனமே அரங்கேறியது. தமிழ்க் கூத்தின் உறவுடைய நாடகமவிலிருந்து சிங்களம் புது நாடகம் ஆக்கிக்கொண்ட அக்காலத்திலே, நம் படித்தவர்கள் கூத்தை இழிவென்று ஒதுக்கியிருந்தனர். அவர்கள் கண்ணைத் திறக்க 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் அவர் மேடையேற்றினார். காலமறிந்து செய்த பேருதவி அது. கூத்தை நகரத்துக்கு அறிமுகஞ் செய்ய அவர் ஒரு வாயில் திறந்தார். நாமோ வாயிலையே வீடென்று கொண்டு, வீட்டை இடிய விட்டோம்.

யாழ்ப்பாணத்திலே இந்திய அரசின் நன்கொடையால் எழுந்த பண்பாட்டு மையம் 2023 பெப்ரவரியில் மக்களுக்கு உரித்தாக்கப்பட்டது. அறுநூறு பேருக்கு மேல் அமரத்தக்க மண்டபம் அங்கே உண்டு. 2025 சனவரியில் அதன் பெயர் மாற்றப்பட்டபோது பெரும் வாதம் எழுந்தது. பெயர்ப் பலகையைப் பற்றிப் பேசியவர் பலர். உள்ளே ஆடப்படுவது என்ன, அதை எவ்வாறு ஆடுவது என்று கேட்டவர் மிகச் சிலர். திறந்தவெளி அரங்காகவும் பயன்படத்தக்க முற்றம் அக்கட்டடத்தோடு சேர்த்தே திட்டமிடப்பட்டது. அம்முற்றத்திலே விடியும்வரை ஒரு கூத்து ஆடட்டுமே! அதற்கு எந்த நாட்டின் நன்கொடையும் வேண்டியதில்லை.

மழை வந்தால் என் செய்வது என்பார்கள். கூத்தர் மழைக்கு அஞ்சி மண்டபம் கேட்டவரல்லர். அறுவடை முடிந்த காலம் பார்த்துக் களரி இட்டவர். நமது உழவர்க்குப் பருவம் கற்பிக்க வேண்டுமா?

இனி, கனமான தடை ஒன்று உண்டு. களரியிலே சாதி இல்லையா? சமம் என்று புகழ்கின்ற அந்த வட்டத்தில் எல்லாருக்கும் இடம் இருந்ததா? இருந்தது என்று எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்வது பொய்ச்சாட்சி. யார் ஆடுவது, யார் எங்கே நின்று பார்ப்பது என்று வரம்பு கட்டிய ஊர்கள் உண்டு. ஆலயப் பிரவேசப் போராட்டத்தை ஒட்டி நெல்லியடி அம்பலத்தாடிகள் ‘கந்தன் கருணை’யைக் கூத்தாக்கி ஆடியதும் அந்த அநீதியை எதிர்த்தே. இக்குற்றம் வட்டத்தினுடையதா, நிலத்தைத் தன்னுடையதென்று பிடித்திருந்தவனுடையதா? நிலத்துக்குச் சொந்தக்காரன் எவனோ, அவனே வாயிலுக்கும் காவற்காரன். ஆகையாற்றான் களரி எவருடைய தயவிலும் நில்லாத பொதுநிலத்தில் அமைதல் வேண்டும் என்கின்றோம்.

அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், மக்களின் வசதியையும் நலத்தையும் பேணி வளர்க்கும் பொறுப்பைச் சபைகளிடம் ஒப்படைத்திருக்கின்றது. 2025 மே 6ஆம் நாள் தேர்தலின் பின் சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கையில் வந்திருக்கின்றன. விளையாட்டுத் திடலுக்கும் சந்தைக்கும் நிலம் ஒதுக்கும் சபைக்கு, ஒரு களரிக்கு நிலம் ஒதுக்க இயலாதா?

நமது கோரிக்கைகள் மூன்று. ஒன்று: ஒவ்வொரு பிரதேச சபையும் ஒரு களரி நிலத்தை வரையறுத்து, சாதி, சமயம், கட்சி பாராது எல்லாருக்கும் உரியதென்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இரண்டு: இனிக் கட்டும் எந்த மண்டபத்தின் வரைபடமும் கூத்தரும் நாடகக்காரரும் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் நிறைவேறக்கூடாது. மூன்று: பாடசாலைக் கூத்துப் போட்டிகளில் ஒரு பகுதியேனும் வட்டக்களரியில், நேரக் கட்டுப்பாடின்றி நடைபெற வேண்டும்.

இவை நடவாத கனவுகளல்ல. 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ‘மண் சுமந்த மேனிய’ரை ஊரூராக எடுத்துச் சென்றபோது எந்த மண்டபம் அவர்களுக்காகக் காத்திருந்தது? இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே மட்டக்களப்புச் சீலாமுனையில், கலாநிதி சி. ஜெயசங்கர் கூத்தரோடு கூத்தராய் இருந்து கூத்தை அவர்களின் ஊரிலேயே மீளுருவாக்க முயன்றபோது, ஊரே அரங்காயிற்று.

கூத்தருக்கு அவரவர் பாட்டை அண்ணாவியார் எழுதிக் கொடுப்பதைச் ‘சட்டம் கொடுத்தல்’ என்பர். சட்டம் பெற்றவன் ஆடியே தீரவேண்டும். பாதியில் விட்டுப் போக அவனுக்கு உரிமையில்லை. உங்கள் வாக்கைப் பெற்றுச் சபையில் அமர்ந்திருப்போரும் சட்டம் பெற்றவர்களே. உழவர் பெருமக்களே, படித்த பெரியோர்களே! அடுத்த சபைக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். எங்கள் களரி எங்கே என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.