காருக்கும் ஓர் ஊதுகுழல்!

விறகு ஈரமாக இருந்தால் என்ன ஆகும்? அடுப்பு எரியாது. புகைதான் வரும்.

அம்மா என்ன செய்வார்? ஊதுகுழலை எடுத்து ஊதுவார். காற்றுப் பட்டதும் புகை குறையும். தீ பிடிக்கும்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அது தீப்பெட்டி ஊர். காற்று இல்லாமல் நெருப்பு இல்லை என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

சில பெட்ரோல் கார்களிலும் இப்படி ஓர் ஊதுகுழல் இருக்கிறது. அதன் பெயர் ஏர் பம்பு. ஏ.சி.க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டயருக்குக் காற்று அடிக்கும் பம்பும் அல்ல. இது புகையைச் சுத்தம் செய்யும் பம்பு!

எப்படி வேலை செய்கிறது?

இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் கிளப்புகிறோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும். அப்போது அதற்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். அவ்வளவும் எரியாது. எரியாத பெட்ரோல் ஆவியும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்றும் புகைக்குழாய்க்குள் வரும்.

அந்த நேரத்தில் ஏர் பம்பு ஓடுகிறது. புகைக்குழாய்க்குள் புதுக் காற்றை ஊதுகிறது. மிச்சம் இருந்த பெட்ரோல் ஆவி அங்கேயே எரிகிறது. அந்தச் சூட்டில், புகைக்குழாயில் உள்ள 'கேட்டலிடிக் கன்வெர்ட்டர்' என்னும் பெட்டியும் சீக்கிரம் சூடாகிறது. புகையில் உள்ள நஞ்சை முறிக்கும் பெட்டி அதுதான். பெரும்பாலான கார்களில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் பம்பின் வேலை முடிந்துவிடும்.

"கரிசல் காட்டு வெயிலில் எஞ்சின் எங்கே குளிரும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், அந்தப் பெட்டி நன்றாக வேலை செய்யச் சுமார் 250 முதல் 300 டிகிரி வரை சூடு வேண்டும். நம் ஊர் வெயில் 40 டிகிரிதான். எஞ்சினுக்கு அது குளிர்தான்!

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் புகைமூட்டத்தால் தவித்தது. அதற்கு வாகனப் புகையும் பெரிய காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி காட்டினார். பிறகு சட்டம் வந்தது. 1966-ஆம் ஆண்டு மாடல் கார்கள் சிலவற்றில் ஏர் பம்பு பொருத்தி கலிபோர்னியாவில் விற்றார்கள்.

நம் நாட்டு அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களில் இது இல்லை. வெளிநாட்டு நிறுவனங்களின் சில பெட்ரோல் கார்களில் உண்டு. பல மோட்டார் சைக்கிள்களில் பம்பு இல்லாமலே, ஒரு சிறு வால்வு வழியாக இதே வேலை நடக்கிறது.

கெட்டால் எப்படித் தெரியும்?

கார் ஓடும். பெரும்பாலும் இழுவை குறையாது. அதுதான் ஆபத்து! எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் எரியும்.

உடனே பம்பை மாற்றாதீர்கள். அதன் விலை அதிகம். முதலில் சோதியுங்கள்.

காலையில் காரைக் கிளப்பியதும் காது கொடுத்துக் கேளுங்கள். 'உம்' என்ற சத்தம் வந்து, சற்று நேரத்தில் நின்றால் பம்பு ஓடுகிறது என்று பொருள். சத்தமே இல்லையென்றால் பியூஸைப் பாருங்கள். பிறகு ரிலேயைப் பாருங்கள். ஓட வேண்டிய நேரத்தில் பம்புக்கு 12 வோல்ட் மின்சாரம் வருகிறதா என்று மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்ப்பார். மின்சாரம் வந்தும் ஓடவில்லை என்றால் பம்பு கெட்டுவிட்டது.

சத்தம் வருகிறது, விளக்கும் எரிகிறதா? ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். காற்று வரும் வழி அடைத்திருக்கலாம். கரிசல் மண் கோடையில் தூளாகப் பறக்கும். ஏர் பில்டர் அடைத்துக்கொள்ளும். அதையும் பாருங்கள்.

புதுப் பம்பும் ஏன் கெடுகிறது?

பம்புக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே ஒரு வால்வு உண்டு. அது ஒருவழிக் கதவு. காற்று உள்ளே போகலாம். புகை திரும்பி வரக் கூடாது.

இந்தக் கதவு மூடாமல் நின்றால் சூடான புகை பம்புக்குள் வரும். புகையில் நீராவி இருக்கிறது. அது குளிர்ந்து தண்ணீர் ஆகும். பம்பு துருப்பிடித்துச் சாகும்.

கழற்றிய பம்பைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் வடிந்தால் குற்றவாளி வால்வுதான்! பம்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்பும் அதே வழியில் போகும். வால்வையும் சேர்த்து மாற்றுங்கள்.

மாற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பாட்டரியின் எர்த் வயரைக் கழற்ற வேண்டும். வெடித்த குழாய், தளர்ந்த கிளிப் எதையும் விடக் கூடாது. வேலை முடிந்ததும் கருவி வைத்துப் பழுதுக் குறிப்பை அழிக்க வேண்டும். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்க்க வேண்டும். காரைத் திறந்த வெளியில் கிளப்புங்கள். கதவு மூடிய ஷெட்டில் காரை ஓடவிட்டால் உயிர் போகும். பம்பு நன்றாக இருந்தாலும் அப்படித்தான்!

அடைக்காதீர்கள்!

சிலர் குறுக்கு வழி சொல்வார்கள். "பம்பைக் கழற்றி எறி. ஓட்டையைத் தகடு வைத்து அடை. கார் ஓடுகிறதே, போதும்" என்பார்கள்.

இது தவறு. மஞ்சள் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்தால், நாளை வேறு பழுது வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய்ப் பல ஆயிரத்தை இழப்பீர்கள்.

"புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டதே" என்று சிலர் வாதாடலாம். அந்தச் சோதனை எஞ்சின் சூடான பிறகு நடப்பது. காலையில் முதல் இரண்டு நிமிடம் உங்கள் கார் கக்கும் நஞ்சை அது பார்ப்பதில்லை.

அதைச் சுவாசிப்பது யார்? வாசலில் கோலம் போடும் பெண். பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவர். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அவர்களுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அதிகாரி பார்க்காத இடத்திலும் ஒழுங்காக நடப்பதே நல்ல குடிமகனுக்கு அழகு. மஞ்சள் விளக்கு எரிகிறதா? இந்த வாரமே காரைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பழுதைச் சரி செய்யுங்கள்!